சத்தான உணவு என்ற பெயரில் ஒரு பெண் மெலிந்துகொண்டே போகும்போது

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் 19 வயது மகள், ஒன்றரை ஆண்டுக்கு முன் சர்க்கரையை நிறுத்தினாள். அடுத்து மைதா, பிறகு எண்ணெய், பால், கடைசியில் அரிசி என்று ஒவ்வொன்றாக விலக்கினாள். இப்போது சாமைக் கஞ்சி, வேகவைத்த காய், சுண்டல் ஆகிய மூன்றுதான் அவளுடைய சாப்பாடு. அந்தச் சுண்டலையும், அப்பாவின் கொலுசுப் பட்டறையில் வெள்ளி நிறுக்கும் டிஜிட்டல் தராசில் வைத்து, கிராம் கணக்குப் பார்த்த பிறகே வாயில் வைக்கிறாள். அத்தை மகன் கல்யாணத்துக்குத் தனி டப்பாவில் சாப்பாடு கொண்டுபோனாள். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு ஊற்றிய கூழைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை. உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. உறவினர்களோ “மெலிஞ்சு லட்சணமாயிட்டா” என்கிறார்கள். “கண்டதையும் திங்காம இருக்கறது நல்லதுதானே” என்கிறார் கணவர். இது நோயா அல்லது நான்தான் வீணாகப் பதறுகிறேனா, அவளிடம் எப்படிப் பேசுவது, ஏற்காட்டில் இருக்கும் பாட்டி வீட்டுக்குச் சில மாதம் அனுப்பினால் சரியாகிவிடுமா என்று அவர் கேட்கிறார்.

அம்மா, நீங்கள் வீணாகப் பதறவில்லை. சேலத்தில் மருத்துவமனை உணவியல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன்: மாதவிலக்கு நின்றதும், எடையில் ஐந்தில் ஒரு பங்கு போனதும் சேர்ந்து வந்திருக்கும்போது, “இது நோயா” என்ற விவாதத்தை வீட்டில் முடித்துவிட்டுப் பிறகு மருத்துவரிடம் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே போக வேண்டும். நீங்கள் எழுதியிருந்த எடைக் கணக்கையும், கலோரிக் கணக்கையும் நான் இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. உங்கள் மகளும் இதைப் படிக்கக்கூடும். அவளைப் போன்ற வேறொரு பெண்ணும் படிக்கக்கூடும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு எந்த எண்ணும் ஓர் இலக்காகிவிடும்.

முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எடை குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தைராய்டு மிகையாகச் சுரப்பது, சிறுவயதில் வரும் சர்க்கரை நோய், குடல் நோய், நம் ஊரில் மறக்கவே கூடாத காசநோய் ஆகியவை இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்துகொள்வார். மாதவிலக்கு நின்ற எந்தப் பெண்ணுக்கும் கர்ப்பப் பரிசோதனை செய்வது மருத்துவ வழக்கம். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். பகலில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டி மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, வாரக் கடைசி வரை பொறுக்காமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பரிசோதனை முடிவுகள் எல்லாமே இயல்பாக வரலாம். உடல் மிகவும் சிக்கனமானது. வருவதைக் கொண்டு இதயத்தையும் மூளையையும் முதலில் காப்பாற்றும்; தசையைக் கரைக்கும்; மாதவிலக்கை நிறுத்தும்; கைகால்களுக்குச் செல்லும் சூட்டைக் குறைக்கும்; ஆனாலும் இரத்தத்தில் இருக்கும் அளவுகளைக் கடைசி வரை சரியாகவே வைத்திருக்கப் பார்க்கும். அதனால் “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பார்த்தியா” என்று மகள் சொன்னால், அதைக் கேட்டு நீங்களும் உங்கள் கணவரும் நிம்மதியாகிவிட வேண்டாம். நின்றுபோன மாதவிலக்கே ஒரு ரிப்போர்ட்தான்.

சரியான உணவின் மேல் கொள்ளும் இந்த மிகைப் பற்றுக்கு ஆர்த்தோரெக்ஸியா என்று 1997-இல் பெயர் வைத்தவர் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர். இயற்கை உணவில் தீவிர நம்பிக்கையோடு வாழ்ந்தவர்; தன்னிடமும் தன் நோயாளிகளிடமும் பார்த்ததை வைத்துத்தான் எழுதினார். 2016-இல் அவரும் தாமஸ் டன் என்ற உளவியலாளரும் சேர்ந்து இதை அடையாளம் காண்பதற்கான அளவுகோல்களை முன்வைத்தார்கள். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டிலோ, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11-இலோ இது தனி நோயாக இடம்பெறவில்லை. உங்கள் மருத்துவர் இந்தப் பெயரையே கேள்விப்படாதவராக இருக்கலாம். அதனால் அவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அவர் அனோரெக்ஸியா (எடை ஆபத்தாகக் குறையும் அளவுக்கு உணவை ஒதுக்கும் நோய்) என்று எழுதலாம், தவிர்ப்பு உணவுக் கோளாறு என்று எழுதலாம், எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) ஒரு வடிவம் என்றும் எழுதலாம். இவ்வளவு எடை குறைந்த நிலையில் எந்தப் பெயர் எழுதினாலும் முதல் மருத்துவம் ஒன்றுதான்: உடலுக்குப் பாதுகாப்பாக உணவைத் திரும்பக் கொடுப்பது.

“நான் ஒல்லியாகணும்னு நினைக்கவே இல்ல, ஹெல்த்தியா இருக்கணும்னுதான் பார்க்கறேன்” என்று மகள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவள் பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவுசெய்யவும் முடியாது. 1990-களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர், அனோரெக்ஸியா முற்றிய பெண்களில் பலர் குண்டாகிவிடுவோமோ என்ற அச்சத்தைச் சொல்லவே இல்லை என்பதைப் பதிவுசெய்தார். வயிறு உப்புகிறது, பசியில்லை, சாப்பிட்டால் ஒத்துக்கொள்வதில்லை என்றே அவர்கள் சொன்னார்கள். மேற்கில் எழுதிய புத்தகத்தை வைத்துப் பார்த்தவர்கள் அவர்களைத் தவறவிட்டார்கள். நம் வீடுகளிலும் இதே நிலைதான். ஒரு பெண் “எனக்கு ஒல்லியாகணும்” என்று சொன்னால் திட்டு விழும். “வயிறு சரியில்லை” என்றால் கஷாயம் வரும். “விரதம்” என்றால் மரியாதை வரும். “ஆரோக்கியம்” என்றால் பாராட்டே வரும். எந்தச் சொல்லுக்கு வீட்டில் கதவு திறக்கிறதோ அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் இந்த நோய் உள்ளே வருகிறது. பல ஆண்டுகளாகப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது. உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுவே. இங்கே பார்க்க வேண்டியது அவள் எதைச் சாப்பிடுகிறாள் என்பதைவிட, எதற்கு அஞ்சுகிறாள் என்பதை.

அதற்கு நீங்களே ஒரு சான்று எழுதியிருக்கிறீர்கள். அதன் முக்கியத்துவம் உங்களுக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. கோயிலில் ஊற்றியது கேழ்வரகுக் கூழ். எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது, மைதா கிடையாது. அவள் நல்லது என்று ஒப்புக்கொண்ட சிறுதானியம்தான் அது. சத்துதான் அவளுக்கு முக்கியம் என்றால் இரண்டு சொம்பு வாங்கிக் குடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கூழை அவள் அளக்கவில்லை. என்ன தண்ணீர், எவ்வளவு உப்பு, எவ்வளவு மாவு என்பது அவள் கையில் இல்லை. அதனால்தான் மறுத்திருக்கிறாள். அங்கே அவளைத் தடுத்தது கேழ்வரகு பற்றிய அறிவு இல்லை, தன் பிடிக்குள் வராத ஒரு கவளத்தின் மேல் இருந்த பயம்.

அப்படியானால் விரதம் இருப்பவர்கள், சைவம் மட்டும் உண்பவர்கள், சர்க்கரை நோய்க்காக இனிப்பைத் தவிர்ப்பவர்கள் எல்லோரும் நோயாளிகளா என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆடி வெள்ளிக்கு விரதம் இருக்கும் பெண் அதை ஊரோடு சேர்ந்து இருக்கிறாள். அதற்கு ஒரு நாள் கணக்கு உண்டு. முடிவில் பாரணை உண்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் பொங்கல் உண்டு. சர்க்கரை நோய்க்காரர் பேரனின் பிறந்த நாளில் ஒரு விள்ளல் கேக் தின்றுவிட்டு, அடுத்த வேளை கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வழக்கம்போலத் தூங்குவார். உங்கள் மகளின் கட்டுப்பாட்டுக்கு முடிவு நாளே இல்லை. பட்டியல் சுருங்கிக்கொண்டுதான் போகிறது. தவறி ஒரு வடைத் துண்டு உள்ளே போய்விட்டால், அடுத்த நாள் முழுவதும் பட்டினி கிடந்தோ மாடிப்படி ஏறி இறங்கியோ ஈடுகட்டுகிறாள். கல்லூரி விட்டதும் தோழிகள் தட்டுவடை செட் வாங்க நிற்கும்போது, ஏதோ காரணம் சொல்லித் தனியாகப் பேருந்து ஏறுகிறாள். நாளின் எத்தனை மணி நேரம் சாப்பாட்டைப் பற்றிய யோசனையிலேயே போகிறது என்று அவளிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள். இந்த நிலையில் இருக்கும் பெண்கள் நேர்மையாகப் பதில் சொன்னால், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி என்பார்கள்.

சமையல் காணொளிகளை மணிக்கணக்கில் பார்க்கிறாள், தம்பிக்குக் கேக் செய்து கொடுத்துவிட்டுத் தான் தொடாமல் நிற்கிறாள் என்று நீங்கள் வியப்போடு எழுதியிருக்கிறீர்கள். இதற்கு விளக்கம் உண்டு. 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் போருக்குப் போக மறுத்து, தாங்களாக முன்வந்தவர்கள். உடம்பைப் பற்றிய கவலை எதுவும் அவர்களுக்கு இருந்ததில்லை. எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தபோது அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை வெகுநேரம் இழுத்து இழுத்து உண்டார்கள், வினோதமாகக் கலந்து பிசைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள். பட்டினிக்கு முன் அவர்களிடம் இவற்றில் எதுவும் இல்லை. அதாவது, உங்கள் மகளிடம் இப்போது தெரியும் பிடிவாதத்திலும் கோபத்திலும் கணிசமான பங்கு அவளுடைய குணம் இல்லை, பட்டினியின் வேலை. பசித்த மூளையோடு வாதாடி வெல்ல முடியாது. உடம்பில் உணவு சேரச் சேரத்தான் அவள் பழையபடி பேசுவாள், சிரிப்பாள், யோசிப்பாள்.

உடம்பின் தோற்றம் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். நம் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் முதலில் சொல்வது உடம்பைப் பற்றித்தான். “என்ன இப்படி ஊதிட்ட”, “கறுத்துட்டியே கண்ணு”, “பூசினாப்ல இருந்தாத்தான் சேலை எடுப்பா இருக்கும்”, “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போட்டோ கேட்டாங்கன்னா” என்று கல்யாண மண்டப வாசலில் சந்தனம் பூசுவதற்குள் நான்கு தீர்ப்பு வந்துவிடும். சொல்பவர்களுக்குத் தீய எண்ணம் கிடையாது. அக்கறையைக் காட்ட அவர்களுக்குத் தெரிந்த வழி அது. கேட்கும் 17 வயதுப் பெண்ணுக்கு அது உள்ளே தங்கிவிடுகிறது. அவள் மெலிய ஆரம்பித்ததும் அதே வாய்கள் பாராட்டுகின்றன. நோய்க்கு அதைவிடப் பெரிய தீனி கிடையாது. இன்னொரு வழியையும் அடிக்கடி பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு முறைதவறுகிறது என்று ஸ்கேன் எடுத்து, சினைப்பையில் நீர்க்கட்டி என்று கேட்டு, “எடையைக் குறைம்மா” என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்கு வரும் பெண், எவ்வளவு குறைக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லாததால், நிறுத்தாமலேயே போய்விடுகிறாள். அறிவுரை தவறானது என்று நான் சொல்லவில்லை. எல்லை சொல்லாமல் கொடுத்த அறிவுரை அது.

கைப்பேசியின் பங்கும் இருக்கிறது. பசிபிக் தீவான ஃபிஜியில் ஒரு மாவட்டத்துக்குத் தொலைக்காட்சி வந்தது 1995-இல்தான். கட்டுமஸ்தான உடலே அழகு என்றிருந்த அந்த ஊரின் பள்ளிப் பெண்களை, ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் தொலைக்காட்சி வந்த உடனும், 1998-இலும் ஆராய்ந்தார். எடைக்காக வாந்தி எடுக்கும் பழக்கம் முதலில் ஒருவரிடமும் இல்லை. மூன்று ஆண்டில் நூற்றுக்குப் பதினொரு பேரிடம் இருந்தது. கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பார்த்த ஒரு பெட்டிக்கே இவ்வளவு என்றால், போர்வைக்குள் தனியாகப் பார்க்கும் திரை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கைப்பேசியைப் பிடுங்கச் சொல்லவில்லை. “எதைச் சாப்பிடக் கூடாது” என்று தினமும் ஒன்றைச் சேர்க்கும் பக்கங்களை அவளே பின்தொடராமல் விடும் நாள் சிகிச்சையின் நடுவில் வரும்.

கண்ணாடி முன் அதிக நேரம் நிற்கிறாளா, அல்லது கண்ணாடியையே தவிர்க்கிறாளா, கட்டை விரலையும் நடு விரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சுற்றிப் பார்க்கிறாளா, தொளதொளவென்ற சுடிதாருக்கு மாறிவிட்டாளா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்று கவனியுங்கள். கவனித்ததை அவளிடம் சொல்லிக்காட்ட வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். தம்பி ஜிம்முக்குப் போகிறான் என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பையன்களிடம் இது நேர்மாறான உருவில் வரும்: உடம்பு இன்னும் சிறிதாக இருக்கிறது என்ற கவலை, முட்டையின் வெள்ளைக் கரு, கோழி நெஞ்சுக்கறி, புரோட்டீன் பவுடர், ஒரு நாள் ஜிம் தவறினாலும் தாங்காத பதற்றம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தசை வளர்க்கப் புரோட்டீன் பவுடர் வாங்குவதைத் தவிர்க்கச் சொல்கிறது. அவனையும் கண்ணில் வைத்திருங்கள்.

இனி உணவு. சாமையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சேர்வராயன் மலையிலும் கல்வராயன், கொல்லி மலைகளிலும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டு, செங்குத்துச் சரிவில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உண்டது தட்டு நிறையச் சோறு. கூடவே அவரையும் கீரையும், கிடைத்தபோது பலாவும் கறியும். எடை போட்டு வைத்த கஞ்சித் தண்ணீரை உண்டு அந்த மலையில் யாரும் மண் கொத்தும் வேலை செய்ததில்லை. ஒரு கைப்பிடி சாமையும் ஒரு கைப்பிடி அரிசியும் உடலுக்குத் தரும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். அரிசியை விஷம் என்றும் சாமையை அமுதம் என்றும் பிரிக்கும் கோடு கைப்பேசியில் வரைந்தது. எண்ணெயே இல்லாமல் வேகவைத்த காரட்டில் இருக்கும் சத்து உடலில் சரிவர ஒட்டாது. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைந்துதான் உள்ளே போகும். பாலையும் தயிரையும் விட்டு, கறி மீன் முட்டையும் இல்லையென்றால் பி12 எங்கிருந்தும் வராது. நரம்பில் எரிச்சல், மறதி, சோர்வு என்று அது மெல்லத் தலைகாட்டும். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் நிலையில், சிறுதானியமும் பயறும் மட்டும் உண்பவளுக்கு இரும்புச்சத்து குறைவாகவே ஒட்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகக் கவலை தருவது எலும்பு. எலும்பின் உறுதியில் பெரும்பங்கு இருபது வயதை ஒட்டியே சேர்ந்து முடிகிறது. மாதவிலக்கு நின்றிருக்கிறது என்றால் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கிறது என்று பொருள். சேமிக்க வேண்டிய வயதில் எலும்பு கரைகிறது. பிற்பாடு எவ்வளவு சாப்பிட்டாலும் அது முழுவதும் திரும்பும் என்று உறுதி கூற முடியாது. மாதவிலக்கு வரவைக்க மாத்திரை கேட்காதீர்கள். கருத்தடை மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் இரத்தம் படும். எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு நம்பும். எலும்பு உள்ளே கரைந்துகொண்டுதான் இருக்கும். தானாக வரும் மாதவிலக்கே குணமாகிறது என்பதற்கான நல்ல அடையாளம். அந்த அடையாளத்தை மாத்திரையால் மறைத்துவிடக் கூடாது.

பதறிப்போய் ஒரே நாளில் சத்துமாவு, டானிக், நெய், பிரியாணி என்று திணிக்கவும் கூடாது. நெடுநாள் மிகக் குறைவாக உண்டவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால், இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து, இதயமே தடுமாறும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்ட மக்களில் பலரை உணவு கிடைத்த பிறகு பறிகொடுத்தது இப்படித்தான். எவ்வளவில் தொடங்குவது, எத்தனை நாளுக்கொரு முறை கூட்டுவது, எப்போது இரத்தப் பரிசோதனை செய்வது என்பதை மருத்துவரும் உணவியலாளரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். உணவியலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆலோசனை சொன்ன அனுபவம் உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். எடை குறைக்கும் அட்டவணை கொடுத்தே பழகியவர், நல்லெண்ணத்தோடு இன்னும் இரண்டு பண்டங்களை விலக்கச் சொல்லிவிடக்கூடும்.

பேசுவதைப் பற்றிக் கேட்டீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பேச வேண்டாம். வேறொரு நேரத்தில், இருவர் மட்டும் இருக்கும்போது, சத்துக் கணக்கில் இறங்காமல், நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். “கண்ணு, நாலு மாசமா உனக்கு வரல. வெயில்லயே குளிருதுங்கற. சீப்புல முடி கொத்துக் கொத்தா வருது. எனக்குப் பயமா இருக்கு. உன்னைத் திட்டறதுக்குச் சொல்லல. டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம், நானும் கூட வர்றேன்.” இவ்வளவு போதும். அவள் கோபப்பட்டால் பொறுத்துக்கொண்டு, இரண்டு நாள் விட்டு இதையே மறுபடி சொல்லுங்கள். “எலும்புக்கூடு மாதிரி இருக்க” என்ற சொல் வேண்டாம்; அது காதில் வெற்றியாகக் கேட்கலாம். பிற்பாடு எடை கூடும்போது “இப்பத்தான் மூஞ்சி தெளிஞ்சிருக்கு” என்றும் சொல்லாதீர்கள். அது தோல்வியாகக் கேட்கும். அவளுடைய உடம்பைப் பற்றி எதுவுமே சொல்லாத வீடாகக் கொஞ்ச காலம் இருங்கள். உறவினர்களிடம் முன்கூட்டியே, தனியாக, கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அத்தை மனம் கோணினால் கோணட்டும்.

உங்கள் கணவர் உங்களோடு நிற்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை. இளம் வயதினரின் உணவுக் கோளாறுக்கு இன்று வலுவான சான்றுகளோடு இருக்கும் சிகிச்சை, 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. அதில் பெற்றோரைக் குற்றவாளியாக்க மாட்டார்கள். மகளின் தட்டில் என்ன, எவ்வளவு என்பதைச் சில காலம் பெற்றோரிடமே ஒப்படைப்பார்கள். ஒருவர் பரிமாறி மற்றவர் “விடு, அவ இஷ்டம்” என்றால், நோய் அந்த இடைவெளியில் புகுந்துகொள்ளும். மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு சிறு உணவும் நேரம் தவறாமல், பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதே சாப்பாட்டைத் தாமும் உண்டு, பேச்சு வேறு விஷயத்தில் போகட்டும். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள். தராசை ஒரு நாள் கோபத்தில் பிடுங்கிக்கொண்டு பட்டறைக்கு எடுத்துப்போக வேண்டாம்; என்றைக்குத் திரும்பப் போகும் என்பதை ஆலோசகர் முன்னிலையில் அவளும் சேர்ந்து நாள் குறிக்க வேண்டும், குறித்த நாளில் போயே தீர வேண்டும்.

அவளுக்கு 19 வயது, சட்டப்படி பெரியவள். அவள் சம்மதம் வேண்டும். மனநல மருத்துவரைப் பார்த்தால் வரன் தட்டிப்போகும் என்ற அச்சத்தை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் உங்கள் மனத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவமும் மனநல மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருப்பதால், அங்கே தொடங்குவது எளிது. மேல் சிகிச்சை தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி.யும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் ஒரு நாளில் போகக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. நள்ளிரவில் கலக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். அவளும் பேசலாம், நீங்களும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி அவள் ஒரு சொல் சொன்னாலும், அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாக ஏற்காடு. இடம் மாறினால் மனம் மாறும் என்று நினைப்பது இயல்பு. பாட்டியின் மேல் அவளுக்கு இருக்கும் பாசமும் பெரிய பலம். இருந்தாலும் இப்போது அனுப்ப வேண்டாம். கொழுப்பு கரைந்த உடம்பு குளிரைத் தாங்காது; கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் பனியும் இறங்கும் மாதங்களில், சூட்டைக் காக்கவே உடம்பு இருக்கும் ஆற்றலைச் செலவழித்துவிடும். ஏற்றமும் இறக்கமுமான பாதை அவளுக்கு நல்ல சாக்காகிவிடும். விடியலில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பினால் எத்தனை கிலோமீட்டர் என்று யாருக்கும் தெரியாது. பாட்டி வீட்டில் பால் விடாத காபி எந்நேரமும் கிடைக்கும். இந்த நோயில் பலர் பசியை அடக்கக் கையாளும் வழி அது. 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருப்பவளை வாரந்தோறும் இறக்கி நாடி பார்க்க வைப்பதும் நடக்காது. இரண்டு வாரம் கழித்து நின்றுபோகும்.

நாடித் துடிப்பும் இரத்த அளவுகளும் நிலைப்பட்டு, எடை சில வாரம் தொடர்ந்து ஏறி, மருத்துவர் சம்மதித்த பிறகு, நீங்களும் கூடச் சென்று சனி ஞாயிறு தங்கிவிட்டு வாருங்கள். போகும் முன் பாட்டியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: இது நோய், திமிர் இல்லை, தட்டில் வைத்ததைப் பற்றிப் பேச வேண்டாம், ஆனால் வைக்காமலும் இருக்க வேண்டாம். அங்கே தோட்டத்தில் விளையும் பட்டர் ஃப்ரூட்டை அவளுடைய கைப்பேசிப் பட்டியலே நல்ல கொழுப்பு என்று ஒப்புக்கொண்டிருக்கும். தேங்காயையும் நெய்யையும் திரும்பத் தட்டுக்குக் கொண்டுவரும் முன், கொழுப்பை அவள் பயமில்லாமல் வாயில் வைக்க அது ஒரு தொடக்கமாக இருக்கும். எவ்வளவு என்பதை அவள் நிறுக்காமல், பாட்டி வெட்டிக் கொடுக்கட்டும்.